நடந்து போனவர் காலுக்கு விலை பதினைந்தாயிரமா?

தாராவியில் விடியற்காலை நான்கு மணிக்கே அடுப்பு எரிகிற வீடுகள் எத்தனை என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீடுகளிலிருந்து இட்லிப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றி, சாம்பார் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு சயான் பக்கம் நடந்து போகிறவர்களில் ஒருவர், திருநெல்வேலி மாவட்டத்துக்காரர், பதினோரு ஆண்டுகளாக அதே தெருக்களில் விற்றவர், சென்ற ஆண்டு ஒரு காலையில் டெம்போ ஒன்றால் அடிபட்டு விழுந்தார். வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு. அவர் பெயரை இங்கே எழுதவில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. நாம் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம், அப்படியே இங்கும் இருக்கட்டும்.

மூன்றாம் நாள் டெம்போவின் மாலிக் மருத்துவமனைக்கு வந்தார். கூடவே ஸ்டேஷனோடு பழக்கம் உள்ள ஒரு நடுவர். பதினைந்தாயிரம் ரூபாயை அண்ணாச்சியின் மனைவி கையில் வைத்துவிட்டு, மராத்தியில் எழுதிய ஒரு தாளில் அண்ணாச்சியின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டோம். "ரூபா வாங்கினதுக்கு ரசீதுன்னு சொன்னாங்க" என்றார் அந்த அம்மாள். அதைப் பிறகு படித்துச் சொன்ன தோழர் மூலம் தெரிந்தது: தவறு தன்னுடையதே, வண்டி ஓட்டியவர்மேல் புகார் எதுவும் இல்லை, இனி எந்தக் கோர்ட்டிலும் எதுவும் கேட்கமாட்டேன் என்று அண்ணாச்சியே எழுதிக்கொடுத்ததாக இருந்தது அந்தத் தாள்!

பதினைந்தாயிரம் இரண்டு மாத வாடகைக்கும் மருந்துக்கும் போனது. ஐந்தாவது மாதத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் கேட்டு அவர் மனைவி சங்கத்துக்கு வந்தபோதுதான் இந்தச் செய்தியே நமக்குத் தெரியும். நம் சங்கம் இருக்கும் தெருவிலிருந்து அவர் கோலி நான்காவது சந்து. இந்த வெட்கத்தையும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

அண்ணாச்சி ஒருவரின் கதையாக இருந்தால் தலையங்கம் எழுத வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே கணக்குக் கொடுத்திருக்கிறது. நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர். கார் வைத்திருப்பவன் நடப்பதில்லை. நடப்பவர்கள் யார்? கூலி வேலைக்குப் போகிறவர், வீட்டு வேலைக்குப் போகும் பெண், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை, தலைச்சுமை வியாபாரி. இவர்களுக்குச் சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். சட்டம் கொடுத்திருக்கிறது. அது நம் கைக்கு வந்து சேராதபடி இடையில் நிற்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு நம்முடைய பயமும் அவசரமும் துணை.

முதலில் ஒன்றை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். அடிபட்டவருக்கு டெம்போக்காரர் தருவது தருமம் அல்ல. சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இருந்தாக வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு. அந்த 'மூன்றாம் நபர்' வேறு யாரும் இல்லை, தெருவில் நடந்து போகும் நாம்தான். நம்முடைய காலுக்காகத்தான் அந்த மாலிக் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுகிறார். இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டியதை அவர் பதினைந்தாயிரத்தில் முடித்துக்கொண்டு போவது ஏன் என்றால், வண்டி ஸ்டேஷனில் நிற்கக் கூடாது, டிரைவர்மேல் வழக்கு வரக் கூடாது என்பதற்காக. பொறுப்பற்று வண்டி ஓட்டியது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவின்படி குற்றம் (2024 ஜூலை 1க்கு முன்பு நடந்தது என்றால் பழைய தண்டனைச் சட்டத்தின் 279). அந்தக் குற்றத்தை இரண்டு பேர் ஸ்டேஷன் வாசலில் நின்று பேசித் தீர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. ஆனாலும் தினமும் தீர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே, படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு போடாதீர்கள். மருந்துச் செலவுக்கு என்று அவர்கள் பணம் கொடுத்தால், பணம் பெற்றேன் என்ற ஒரு வரியை நம் மொழியில் எழுதிக் கொடுங்கள். அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

இன்னொன்று. நம் ஆட்கள் பலர் போலீஸ் தொல்லைக்குப் பயந்து, அவசரப் பிரிவு டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்கும்போது, "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியம் ஆஸ்பத்திரிக் குறிப்பில் ஏறிவிட்டால் இரண்டு ஆண்டு கழித்து இன்ஷூரன்ஸ் வக்கீல் அதைத்தான் எடுத்து நீட்டுவார். வண்டி மோதியது, இந்த இடம், இந்த நேரம், இந்த எண் என்று உள்ளதைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அண்ணாச்சி விஷயத்தில் அவர் நினைவு தப்பிக் கிடந்ததால், தூக்கிவந்த பால்காரர் உண்மையைச் சொல்லி எழுதவைத்திருந்தார். இன்று வழக்கு நிற்பது அந்தக் குறிப்பின்மேல்தான். தூக்கிக்கொண்டு போனால் நம்மைப் பிடித்துவைத்துக் கேள்வி கேட்பார்களே என்ற பயமும் இனி வேண்டாம். உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படியோ சாட்சிக்கு வரும்படியோ கட்டாயப்படுத்தக் கூடாது என்ற வழிகாட்டுதலுக்கு 2016ல் உச்ச நீதிமன்றம் சட்ட பலம் தந்தது. 2019 திருத்தம் அந்தப் பாதுகாப்பை 134ஏ என்ற பிரிவாகச் சட்டத்திலேயே சேர்த்தது. போலீஸ் வரட்டும், பிறகு பார்க்கிறோம் என்று எந்த ஆஸ்பத்திரியும், அரசினுடையதானாலும் தனியாருடையதானாலும், அடிபட்டவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 1989லேயே தீர்ந்துபோன விஷயம். ஸ்கூட்டரில் போய் அடிபட்ட ஒருவரை ஓர் ஆஸ்பத்திரி அப்படித் திருப்பி அனுப்பியதால் வந்த வழக்கு அது.

2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்படி, மோட்டார் வண்டியால் அடிபட்ட எவருக்கும் விபத்து நாளிலிருந்து ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் கைக்காசு இல்லாமல் சிகிச்சை உண்டு. 112க்குப் போன் செய்து எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கலாம். நடந்தது சாலை விபத்துதான் என்று போலீஸ் உறுதி செய்ய வேண்டும். போலீசை ஒதுக்கிவிட்டுச் சிகிச்சை மட்டும் பெறுவது என்பது இங்கே நடக்காது என்பதைக் கவனியுங்கள்.

போலீஸ் முதல் தகவல் அறிக்கை பதியவில்லை என்றால்? டைரியில் குறித்துக்கொண்டோம், போய் வா என்பார்கள். அண்ணாச்சிக்கும் அதுதான் நடந்தது. புகாரை எழுதி துணைக் கமிஷனருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப நமக்கு உரிமை உண்டு. அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். பதிந்த பின் அதன் நகலை இலவசமாகத் தரவேண்டியது அவர்கள் கடமை. தாமதமாகப் பதிந்ததாலேயே நட்டஈடு கேட்கும் உரிமை போய்விடாது, அடிபட்டவரின் வீட்டார் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவார்கள், ஸ்டேஷனுக்கு அல்ல என்பதை 2011ல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, விசாரிக்கும் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு முதல் அறிக்கை அனுப்ப வேண்டும். பத்து நாளுக்குள் அடிபட்டவருக்கு அவருடைய உரிமைகள் என்னென்ன என்று அச்சிட்ட படிவத்தைக் கொடுக்க வேண்டும். 90 நாளுக்குள் முழு அறிக்கை போக வேண்டும். இந்தப் படிவத்தைக் கண்ணால் பார்த்தவர் நம் வாசகர்களில் எவரேனும் இருந்தால் நமக்கு எழுதுங்கள். நாம் இதுவரை பார்த்ததில்லை. கேட்டால் கொடுப்பார்கள், அப்படி ஒன்று இருப்பதாகத் தெரிந்தவர்தானே கேட்க முடியும்? கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்துபோகும். அந்தத் தெருவில் கேமரா இருந்தால் அந்தப் பதிவை எடுத்துவைக்கும்படி முதல் வாரத்திலேயே எழுத்து மூலம் கேளுங்கள்.

இனி நட்டஈடு. வழக்குப் போடும் இடம் மோட்டார் விபத்து நட்டஈட்டுத் தீர்ப்பாயம், பிரிவு 166. அடிபட்டவரே போடலாம். இறந்துபோனால் மனைவி, மக்கள், பெற்றோர் போடலாம். நம்மைப் போல் பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்களுக்கு இந்தப் பிரிவில் ஒரு வசதி இருக்கிறது, அதைப் பலர் அறியார். விபத்து மும்பையில் நடந்தது என்பதற்காக மும்பையில்தான் வழக்காட வேண்டும் என்பதில்லை. கேட்பவர் எங்கே வசிக்கிறாரோ அந்த ஊர்த் தீர்ப்பாயத்திலும் போடலாம். கணவனைச் சாலையில் பறிகொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு திருநெல்வேலிக்கோ விழுப்புரத்துக்கோ திரும்பிப் போய்விட்ட பெண், அங்கேயே தமிழில் சொல்லி வழக்கு நடத்தலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயில் ஏறி வர வேண்டியதில்லை. (ரயில்வேயில் டிக்கெட் எழுதுகிறவர்களாகச் சொல்கிறோம்: இந்தச் செலவுக்குப் பயந்தே கைவிட்ட வழக்குகள் நமக்குத் தெரியும்.) ரயில் என்றதும் இன்னொன்று: தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டால் இந்தச் சட்டம் உதவாது, கடப்பதே ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவில் குற்றம். படிக்கட்டு தூரம் என்று குறுக்கே போகிறவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வைக்க வேண்டும்.

கெடு ஆறு மாதம். இது முன்பு 1988 சட்டத்தில் இருந்தது. ஏழைகளுக்கு இது அநியாயம் என்று உணர்ந்து 1994ல் நாடாளுமன்றமே நீக்கியது. 2019ல் அதே நாடாளுமன்றம் திரும்பக் கொண்டுவந்து, 2022 ஏப்ரல் 1 முதல் அமலாக்கியது. கட்டுப்போட்ட கால் ஆறு மாதத்தில் கூடுமா? மாற்றுத்திறன் சான்றிதழ் அதற்குள் கைக்கு வருமா? ஊருக்குப் போய் ஈமச் சடங்கு முடித்து வரவே இரண்டு மாதம் ஆகும் குடும்பம் வக்கீலைத் தேடுவது எப்போது? இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அந்தக் கெடு போக வேண்டும் என்பதே நமது நிலை. தொழிற்சங்கங்கள் இதைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆனால் போகும் என்று நம்பிக்கொண்டு எவரும் ஏழாம் மாதம் வரை உட்கார்ந்திருக்கக் கூடாது. அண்ணாச்சியின் மனுவை நாம் தாக்கல் செய்தபோது கெடுவுக்குப் பத்து நாள் மிச்சம்.

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. முப்பத்தெட்டு வயது, மாத வருமானம் 12,000, உழைக்கும் சக்தியில் 30 சதவீதம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1,44,000. நாற்பது வயதுக்குள் உள்ள சுயதொழில்காரருக்கு வருங்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது, ஆக 2,01,600. அந்த வயதுக்குரிய பெருக்கு எண் 15 (2009 தீர்ப்பின் அட்டவணை). பெருக்கினால் 30,24,000. அதில் 30 சதவீதம் 9,07,200. மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் கூலி, பட்ட வேதனைக்கு உரியது எல்லாம் இதற்கு மேல். இது கணக்குப் போடும் முறை மட்டுமே. தீர்ப்பாயம் இதே தொகையைக் கொடுத்தே தீரும் என்று நாம் சொல்லவில்லை. இருந்தாலும் மாலிக் நீட்டிய பதினைந்தாயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டாக்டர் எழுதும் சதவீதமும் இறுதியானது அல்ல. கால் ஊனம் ஒரு குமாஸ்தாவுக்குக் கெடுக்கும் பிழைப்பு வேறு, தலைச்சுமையோடு நடப்பவருக்குக் கெடுக்கும் பிழைப்பு வேறு; அவரவர் தொழிலை வைத்தே இழப்பை அளக்க வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

வீட்டிலேயே இருக்கும் பெண்ணுக்கு வருமானம் ஏது என்று இனி யாரும் சொல்ல முடியாது. இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்புப் போட்டு நட்டஈடு தர வேண்டும் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது.

தவறு யாருடையது என்று நிரூபிக்க முடியாத நிலையில் 164ஆம் பிரிவு இருக்கிறது: உயிர் போனால் ஐந்து லட்சம், கொடுங்காயம் என்றால் இரண்டரை லட்சம். இங்கே ஒரு பொறி உண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனி இந்தத் தொகையை நீட்டும்போது வாங்கிக்கொண்டால், 166ன் கீழ் போட்ட பெரிய வழக்கு அத்தோடு முடிந்துபோகும். அவசரக் கடனுக்காக இரண்டரை லட்சத்தை வாங்கி ஒன்பது லட்சத்தை இழக்கும் ஆபத்து. தவறு நிரூபிக்கச் சாட்சி இருந்தால் பொறுத்திருப்பதே நல்லது. கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலையானாலும் நட்டஈட்டு வழக்கு விழுந்துவிடாது. 1980ல், தமிழ்நாட்டுப் பேருந்து ஒன்று தாழத் தொங்கிய மின்கம்பியில் மோதிப் பலர் மாண்ட வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைத் தெளிவாக்கினார். சிறைக்கு அனுப்பத் தேவைப்படும் நிரூபணம் வேறு, நட்டஈட்டுக்குத் தேவையான நிரூபணம் வேறு.

டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை என்று கம்பெனி கைவிரித்தால், முதலில் நமக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். வண்டிக்கு இன்ஷூரன்ஸே இல்லை என்றால் உரிமையாளரே பொறுப்பு. வேலைக்காகப் போகும்போது அடிபட்டிருந்தால் முதலாளியிடம் நட்டஈடு கேட்கும் வழியும் திறக்கலாம். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால்? உயிர்ச்சேதத்துக்கு இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரம் அரசு நிதியிலிருந்து வரும். மனுவைத் தாசில்தார் அல்லது வருவாய்க் கோட்ட அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். இறுதி உத்தரவு கலெக்டருடையது. 2022ல் நாட்டில் பதிவான இத்தகைய விபத்துகள் 67,387. 2022–23 நிதியாண்டில் வந்த மனுக்கள் 205! பணம் கிடைத்தது 95 பேருக்கு. இந்தக் கணக்கு உச்ச நீதிமன்றத்தின் 2024 ஜனவரித் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. ஒரு மாதத்துக்குள் வண்டி கிடைக்காவிட்டால், இப்படி ஒரு திட்டம் இருப்பதைப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போலீசாரே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் ஆணையிட்டார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு டாக்டர் எஸ். ராஜசேகரன் என்பது நமக்குப் பெருமை. நொறுங்கி வரும் எலும்புகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தவர் 2012ல் டெல்லிக் கோர்ட்டின் கதவைத் தட்டினார். அதே வழக்கில்தான் 2025ல், நடப்பவருக்குத் தகுந்த நடைபாதை இருப்பது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றும் சொல்லப்பட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டி நடைபாதைக் கடைகளை அடித்து நொறுக்க வருவார்கள் என்பதும் நமக்குத் தெரியும். கடை போட்டிருப்பவரும் நம் ஆள், இறங்கி நடந்து அடிபடுபவரும் நம் ஆள். 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி இடம் ஒதுக்கிவிட்டு நடைபாதையைச் சீர்செய்யட்டும்; ஒருவரை அடித்து மற்றவருக்குக் கொடுப்பதாகச் சொல்ல வேண்டாம்.

வண்டியே இல்லாமல் குழியிலும் திறந்துகிடந்த சாக்கடை மூடியிலும் விழுகிறவர்களும் உண்டு. 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், அப்படி உயிர் போனால் ஆறு லட்சமும், காயத்துக்கு ஏற்ப ஐம்பதாயிரம் முதல் இரண்டரை லட்சம் வரையும் தர வேண்டும் என்று மாநகராட்சிகளுக்கு உத்தரவிட்டது. மழைக்காலம் வருமுன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

வக்கீல் விஷயத்தில் எச்சரிக்கை. கிடைப்பதில் இத்தனை சதவீதம் என்று பேசுகிறவரிடம் போகாதீர்கள். நட்டஈட்டில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே வக்கீலுக்குத் தடை. ஆஸ்பத்திரி வாசலில் தானாக வந்து கார்டு கொடுப்பவர் பெரும்பாலும் வக்கீலே அல்ல. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் சட்ட உதவி ஆணையம் இலவசமாக வக்கீல் தரும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. லோக் அதாலத்தில் சமரசம் செய்தால் சீக்கிரம் முடியும், ஆனால் அதன்மேல் அப்பீல் கிடையாது. தொகையைக் கேட்டு, வீட்டுக்கு வந்து யோசித்து, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அண்ணாச்சியின் வழக்கில் அந்த மராத்தித் தாளை எதிர்த்தரப்பு கோர்ட்டில் கொடுத்துவிட்டது. அதில் எழுதியது அவருக்குத் தெரியாது என்று நாம் சொல்லியிருக்கிறோம். சென்ற வாய்தாவில் இன்ஷூரன்ஸ் வக்கீல் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்: "இவர் இட்லி விற்றார் என்பதற்கு என்ன ஆதாரம்? லைசென்ஸ் உண்டா? கணக்குப் புத்தகம் உண்டா?" தலையில் பாத்திரம் சுமப்பவனிடம் கணக்குப் புத்தகம்! சம்பளச் சீட்டு இல்லாத கூலித் தொழிலாளி சொன்ன மாதம் 4,500 ரூபாயை 2011ல் உச்ச நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொண்ட தீர்ப்பை நம் வக்கீல் எடுத்துக் கொடுத்தார். அதோடு, பதினோரு ஆண்டு அவரிடம் இட்லி வாங்கிச் சாப்பிட்ட ஒரு வாட்ச்மேன், ஒரு பூக்காரப் பாட்டி, டாக்சி ஸ்டாண்டில் இருக்கும் இரண்டு பேர் பிரமாண வாக்குமூலம் தர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டி குஜராத்தி பேசுபவர். "எனக்கு அவன் பெயர் தெரியாது, இட்லி நன்றாயிருக்கும் என்று எழுதினால் போதுமா?" என்று கேட்டார். போதும் என்றோம். அடுத்த வாய்தாவில் அவர்கள் நால்வரையும் கூட்டிப் போக வேண்டும். அன்று விடுப்பு எடுக்கக்கூடிய தோழர்கள் ஞாயிறு மாலை சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள்.